பாசி யானைக்குள் என்ன இருக்கிறது?

கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவில் ஒரு வருடம், தோழியின் வளையல் கடையோரம் ஒரு சின்ன மேசையில் பாசிமணி கோர்த்துச் செய்த என் பொம்மைகளைப் பரப்பி வைத்திருந்தேன். யானை, ஆமை, வாத்து, எல்லாமே உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. விற்றதைவிடக் கேட்ட கேள்விகள்தான் அதிகம். "உள்ள பஞ்சா அடைச்சிருக்கு?" "கம்பியில சுத்துனதா?" "பசை போட்டு ஒட்டுனதுதானே?" "இதுக்க அச்சு எங்க கிடைக்கும்?" ஒரு அம்மா யானையை எடுத்து இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார். முகத்தில் ஏமாற்றம். "உள்ள ஒண்ணுமே இல்லியே மக்ளே!"

அவர் சொன்னது சரி. உள்ளே ஒன்றுமில்லை. அச்சு, கம்பி, பசை எதுவும் கிடையாது. அப்படியென்றால் வயிறு எப்படி உருண்டது, தும்பிக்கை எப்படி வளைந்தது? எந்த இடத்தில் எத்தனை பாசியைச் சேர்த்துக் கோர்க்கிறோம் என்ற கணக்குதான் அதைச் செய்கிறது. கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எந்தப் பாசி?

தமிழில் மணி என்றும் சொல்லலாம். ஆனால் "ஐந்து மணி, ஆறு மணி" என்று எழுதிக்கொண்டே போனால் படிப்பவர்கள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். நம் ஊர்ச் சொல்லான பாசியே போதும்.

இந்த வேலைக்கு எடுப்பது கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் கண்ணாடிப் பாசி. கடையில் நம்பர் சொல்லித்தான் கேட்க வேண்டும். நம்பர் கூடக்கூடப் பாசி சிறிதாகும். கைத்தறி நூலில் 40ஆம் நம்பரைவிட 80ஆம் நம்பர் மெலிதாக இருக்கிறதே, அதே மாதிரி. 6ஆம் நம்பர் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர், 8ஆம் நம்பர் 3, 11ஆம் நம்பர் 2, 15ஆம் நம்பர் ஒன்றரை. பாசி வேலை செய்பவர்கள் பெரும்பாலும் எடுப்பது 11. ஆனால் கற்றுக்கொள்ள அது வேண்டாம். 4 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் முத்து போதும். கண்ணும் பிழைக்கும், காசும் பிழைக்கும்.

இன்று நல்ல பாசிக்குப் பெயர்போன நாடுகள் ஜப்பானும் செக் நாடும். அதைக் கேட்டு இது வெளியூர்ச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். கண்ணாடியைக் குழலாக இழுத்துத் துண்டு போட்டுச் சின்னப் பாசி செய்கிற வேலை சுமார் இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே புதுச்சேரிப் பக்கத்து அரிக்கமேட்டில் நடந்தது. அங்கிருந்து கடல் கடந்தும் போனது.

தட்டையும் திரட்சியும்

தோவாளை மாணிக்க மாலையைப் பார்த்திருப்பீர்கள். 2025இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதுதான். பூக்களை மடித்து நாரில் வரிசை வரிசையாகச் சேர்க்கும்போது பாய் மாதிரி தட்டையாக விழும். சிவப்பும் வெள்ளையும் மாணிக்கக் கல் பதித்தது போலத் தெரியும். எவ்வளவு அழகானாலும் அது தட்டை. சாமி கழுத்தில் தட்டையாகப் படிய வேண்டும் என்பதற்காகவே அப்படிக் கட்டுகிறார்கள்.

சாவிக்கொத்தில் தொங்கும் பாசிக் கிளி, பாசிப் பட்டாம்பூச்சியில் பலவும் இந்த வகைதான். வண்ணம் மாற்றி மாற்றி வரிசையாகக் கோர்த்த ஒரு சின்னப் பாய் அது. பக்கவாட்டில் பார்த்தால் ஒரு பாசி கனம்தான் இருக்கும். இதையும் "த்ரீடி பொம்மை" என்று விற்கிறார்கள். நான் சொல்ல வருவது தன் காலில் தானே நிற்கிற, எந்தப் பக்கம் திருப்பினாலும் உடம்பு தெரிகிற பொம்மை. அதைத் திரட்சி என்று சொல்லிக்கொள்வோம்.

தட்டையானது எப்படித் திரட்சி ஆகும்? ஒரு வட்டக் காகிதத்தை எடுத்து, தோசையில் ஒரு துண்டு பிய்த்தது போல ஓரத்திலிருந்து நடுப்புள்ளி வரை ஒரு துண்டை வெட்டி எறியுங்கள். வெட்டிய இரண்டு விளிம்பையும் சேர்த்து ஒட்டினால் காகிதம் கூம்பாக எழும்பும். கடலைப் பொட்டலம்! நாம் எதையும் உள்ளே திணிக்கவில்லை. இருந்ததில் கொஞ்சம் குறைத்தோம், அவ்வளவுதான்.

இப்போது எதிர்மாறாக, இன்னொரு வட்டக் காகிதத்தை ஓரத்திலிருந்து நடு வரை கீறி, அந்த இடைவெளியில் கூடுதலாக ஒரு துண்டைச் சேர்த்து ஒட்டுங்கள். காகிதம் தட்டையாகவும் இருக்காது, கூம்பாகவும் ஆகாது. குதிரைச் சேணம் போல ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கும். இன்னும் இன்னும் சேர்த்தால் கோழிக்கொண்டைப் பூவின் விளிம்பு மாதிரி நெளிநெளியாகும். தோவாளைச் சந்தையில் அந்தப் பூவைக் கையில் எடுக்கும்போது கவனியுங்கள். விளிம்பு மட்டும் அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டதால்தான் அந்த நெளிவு.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: ஒரு புள்ளியைச் சுற்றி இருக்க வேண்டியது குறைந்தால் குவியும், சரியாக இருந்தால் படுக்கும், கூடினால் நெளியும். பாசி பொம்மையும் இதே வழியில்தான் போகிறது.

வீச்சு வலையில் இருக்கிற கணக்கு

இதை எனக்கு முதலில் காட்டியவர் குளச்சல் பக்கத்து வலைக்காரப் பாட்டா ஒருவர். வீச்சு வலை பின்னிக்கொண்டிருந்தார். உச்சியில் சில கண்ணிகளோடு ஆரம்பித்து, கீழே இறங்க இறங்க இடையிடையே ஒரு கண்ணியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டே போனார். "இது சேக்கலண்ணா வல குழாயாட்டு நிக்கும் பிள்ளே, வட்டமா விரியாது" என்றார். வீசும்போது வலை குடை மாதிரி விரிவது கைவீச்சில் மட்டும் இல்லை. பின்னும்போதே அந்த வட்டத்தை எண்ணி உள்ளே வைத்துவிடுகிறார்கள்.

பாசி பொம்மைக்கு நான் வாங்குவதும் வலைக்காரர்கள் கையில் புரளும் அதே தங்கூசி என்கிற நைலான் நரம்புதான், மெலிதான ரகம். 4 மில்லிமீட்டர் பாசிக்கு 0.25 மில்லிமீட்டர் கனம் போதும். விறைப்பாக இருப்பதால் ஊசி தேவையில்லை, நரம்பின் முனையே ஊசி.

குறுக்குக் கோர்ப்பு

மாலை கோர்ப்பதில் நூலுக்குப் போகிற வழி ஒன்றுதான். இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே. அதனால்தான் மாலை ஒரு கோடாக மட்டும் இருக்கிறது. இங்கே நரம்பின் இரண்டு முனையும் வேலை செய்யும். ஒரே பாசிக்குள் வலது முனை வலப்பக்கமிருந்தும் இடது முனை இடப்பக்கமிருந்தும் நுழைந்து ஒன்றையொன்று தாண்டிப் போகும். இதற்குத்தான் குறுக்குக் கோர்ப்பு என்று பெயர் வைத்துக்கொள்கிறேன்.

நான்கு பாசியைக் கோர்த்து நரம்பின் நடுவுக்குக் கொண்டுவந்து, ஐந்தாவது பாசியில் இரண்டு முனையையும் எதிரெதிராக விட்டு இழுத்தால், ஐந்தும் சேர்ந்து ஒரு பூ மாதிரி சுருண்டுகொள்ளும். இது ஒரு வளையம். கடைசியாகக் குறுக்கே கோர்த்த பாசி அடுத்த வளையத்துக்கும் சொந்தமாகும். இரண்டு வளையத்துக்கும் நடுவில் நிற்கும் அந்தப் பாசி பொதுப் பாசி. அக்கம்பக்கத்து இரண்டு வீட்டுக்கும் ஒரே மதில் என்றால் எப்படியோ அப்படி. பொம்மை முடியும்போது அதில் உள்ள ஒவ்வொரு பாசியும் பொதுப் பாசி ஆகியிருக்கும். ஓரத்தில் தனியாக நிற்கும் பாசி ஒன்றுகூட இருக்காது.

மூன்று வளையங்கள் ஒன்றுகூடும் இடத்தில் மூன்று பாசிகள் தலையோடு தலை முட்டிக்கொண்டு நிற்கும். அதை முச்சந்தி என்போம். வடிவம் தீர்மானமாவது அந்த முச்சந்திகளில்தான்.

ஐந்து, ஆறு, ஏழு

இனி "ஐந்து" என்றால் ஐந்து பாசி உள்ள வளையம். "ஆறு", "ஏழு" என்பதும் அப்படியே.

ஒரு புள்ளியைச் சுற்றி முழுதாக வந்தால் 360 பாகை. பள்ளிக்கூடக் கணக்குதான், பயப்பட வேண்டாம். வளையத்தின் ஒவ்வொரு பாசியையும் ஒரு பக்கமாக வைத்துக்கொண்டால், ஆறு என்பது ஓர் அறுகோணம், ஐந்து ஓர் ஐங்கோணம். பக்கமும் கோணமும் சமமான அறுகோணத்தின் ஒரு மூலை 120 பாகை. மூன்று ஆறு கூடும் முச்சந்தியில் 120 மூன்று முறை, மிகச் சரியாக 360. அதனால் அந்த இடம் தட்டையாகப் படுக்கும். தேனடை அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

ஐங்கோணத்தின் மூலை 108 பாகை. மூன்று ஐந்து கூடினால் 324. முப்பத்தாறு பாகை குறைகிறது. அதாவது வட்டக் காகிதத்தில் ஒரு துண்டை வெட்டி எறிந்துவிட்டோம். அந்த இடம் குவிந்தே ஆக வேண்டும். நாம் தட்டையாக்க நினைத்து அமுக்கினாலும் எழும்பிவிடும்.

ஏழுக்கு மூலை 128 பாகைக்குக் கொஞ்சம் மேல். மூன்று கூடினால் 385ஐத் தாண்டுகிறது. இருக்க வேண்டியதைவிடக் கூடுதல். அந்த இடம் சேணம் போல நெளியும்.

ஆக, ஐந்து குவிக்கும், ஆறு படுக்க வைக்கும், ஏழு நெளிக்கும். நான்கு போட்டால் ஐந்தைவிடக் கூர்மையாகக் குவியும். பொம்மையின் காது நுனி, பாதம் போன்ற இடங்களுக்கு நான்கு கைகொடுக்கும். யாராவது எழுதிய பொம்மை வரைபடத்தைப் பார்த்தால் இந்த எண்கள்தான் திரும்பத் திரும்ப வரும். புரியாமல் பார்த்தால் லாட்டரிச் சீட்டு மாதிரி இருக்கும், புரிந்துவிட்டால் எது வயிறு எது கழுத்து என்று படிக்கலாம்.

30 பாசியில் ஒரு உருண்டை

சொல்லிக்கொண்டே போவதைவிட ஒன்றைச் செய்து பார்த்துவிடலாம். ஐந்து மட்டுமே போட்டுக்கொண்டு போனால் என்ன ஆகும்? பன்னிரண்டாவது வளையத்தில் தானாக மூடிக்கொள்ளும். 30 பாசி, ஒரு மீட்டர் நரம்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வளையம் மேலே சொன்னபடி ஐந்து பாசி. இரண்டாவதுக்குப் புதிதாக நான்கு பாசி மட்டும் போதும், ஒன்றுதான் ஏற்கெனவே இருக்கிறதே. ஒரு முனையில் நான்கையும் கோர்த்து, நான்காவதில் மற்ற முனையைக் குறுக்கே விடுங்கள்.

மூன்றாவதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். இப்போது ஒரு முனை முதல் வளையத்தை ஒட்டி நிற்கும். அதை முதல் வளையத்தின் அடுத்த பாசிக்குள் விட்டு எடுங்கள். மற்ற முனையில் மூன்று புதுப் பாசி, மூன்றாவதில் குறுக்குக் கோர்ப்பு. இழுத்துப் பாருங்கள். இந்த நொடியில் தட்டையாக இருந்த வேலை மேசையிலிருந்து லேசாக எழும்பும். முதல் முச்சந்தி அமைந்துவிட்டது. நான் யாருக்குக் கற்றுக்கொடுத்தாலும் இந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு அவர்கள் முகத்தைப் பார்ப்பேன்.

நான்காவது, ஐந்தாவது வளையங்களும் இதே போல மூன்று மூன்று பாசி. ஆறாவதில் உள்முனை முதல் வளையத்தின் கடைசிப் பாசிக்குள் போய், அப்படியே இரண்டாவது வளையத்தின் பக்கப் பாசிக்குள்ளும் போகும். அதனால் புதிதாக இரண்டு போதும். இப்போது கையில் இருப்பது ஒரு குட்டிக் கிண்ணம். எண்ணினால் 20 பாசி இருக்கும்.

இனி மூடுகிற வேலை. ஏழாவது வளையத்தில் ஒரு முனை பக்கத்து விளிம்புப் பாசி ஒன்றுக்குள் போக, புதிதாக மூன்று. எட்டு, ஒன்பது, பத்தாவது வளையங்களில் விளிம்புப் பாசி இரண்டிரண்டுக்குள் போய்ப் புதிதாக இரண்டிரண்டு. பதினொன்றாவதில் நான்கு பாசி ஏற்கெனவே நிற்கும், ஒன்றே ஒன்று சேர்த்தால் போதும். பன்னிரண்டாவதுக்குப் புதுப் பாசியே வேண்டாம். மிச்சம் இருக்கும் வாயைச் சுற்றி ஐந்தும் தயாராக இருக்கும். அவற்றுக்குள் நரம்பை ஒரு சுற்று ஓட்டி, இறுக்கி, இரண்டு முடிச்சுப் போட்டு, முனையைப் பக்கத்துப் பாசிகளுக்குள் ஒளித்துவிட்டு வெட்டுங்கள்.

5, 4, 3, 3, 3, 2, 3, 2, 2, 2, 1, 0. கூட்டினால் 30. அரைநெல்லிக்காய் அளவில் ஒரு உருண்டை. வாத்தின் தலைக்கு இதுவே போதும்.

உடம்பு பெரிதாக வேண்டுமென்றால் ஐந்துகளுக்கு நடுவே ஆறுகளைக் கலக்க வேண்டும். எப்படி என்று கால்பந்து ஆடும் தூத்தூர்ப் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும், தினமும் காலால் உதைக்கிறார்கள். பழைய கறுப்பு வெள்ளைக் கால்பந்தில் கறுப்பு ஐங்கோணம் 12, வெள்ளை அறுகோணம் 20. அந்தத் தையல்கோடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பாசி வைத்தால் 90 பாசி உருண்டை. 1985இல் கண்டுபிடித்த 60 கரி அணுக்கள் கொண்ட மூலக்கூறுக்கும் இதே வடிவம்தான். அதற்காக 1996இல் மூன்று பேருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. வேதியியல் வகுப்புகளில் இந்த மூலக்கூறைப் பாசியில் கோர்த்துக் காட்டுபவர்களும் உண்டு.

உருண்டை சின்னதோ பெரிதோ, முச்சந்திகள் மட்டும் இருந்து, ஐந்தும் ஆறும் மட்டுமே போட்டால் ஐந்துகள் 12தான். ஒன்று குறைந்தாலும் வாய் மூடாது, ஒன்று கூடினாலும் கணக்கு ஒத்துவராது.

உருண்டை யானை ஆவது

யானை என்பது வெறும் உருண்டை இல்லையே. கால் முளைக்க வேண்டும். வயிற்றிலிருந்து கால் கிளம்பும் இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். ஒரு திசையில் குழிந்தும் மறு திசையில் வளைந்தும் இருக்கும். சேணம்! ஆக அங்கே ஏழு வர வேண்டும். கால் நீளுவது வெறும் குழாய்தான், அதற்கு ஆறு போதும். பாதத்தில் மூடும் இடத்தில் மறுபடி ஐந்து.

கணக்கு அழகாக ஒத்துவரும். ஒரு காலின் நுனியை மூட ஐந்து-வளையம் ஆறு செலவாகும். அதை ஈடுகட்ட, கால் கிளம்பும் இடத்தில் ஏழு-வளையமும் ஆறு வைக்க வேண்டும். முழு பொம்மையிலும் ஐந்துகளின் எண்ணிக்கையிலிருந்து ஏழுகளின் எண்ணிக்கையைக் கழித்தால், யானையானாலும் வாத்தானாலும், மிஞ்சுவது அதே 12. நான்கு ஒன்று போட்டிருந்தால் அதை இரண்டு ஐந்தாக எண்ணிக்கொள்ள வேண்டும்.

கழுத்து ஒடுங்குவதும் ஏழின் வேலைதான். தும்பிக்கை வளைவுக்கு இரண்டு வழி. வெளி வளைவில் ஐந்தும் உள் வளைவில் ஏழும் வைக்கலாம். அல்லது எண்ணிக்கையைத் தொடாமல், வெளிப்பக்கம் பெரிய பாசியும் உள்பக்கம் ஒரு நம்பர் சின்னப் பாசியும் போடலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். தும்பிக்கை இழைவாக வளையும், கணக்கும் சிக்காது.

சுருக்கமாக: புடைக்கிற இடத்தில் ஐந்து, நீளுகிற இடத்தில் ஆறு, ஒரு உறுப்பு இன்னொன்றோடு சேரும் இடத்தில் ஏழு.

அமுக்கினால் ஏன் நசுங்குவதில்லை?

கிண்ணமாக இருக்கும்போது தொட்டால் தொளதொளவென்று இருக்கும். இப்படியே இருந்துவிடுமோ என்று பலரும் அந்த இடத்தில் விட்டுவிடுவார்கள். மூடியதும் கெட்டியாகிவிடும். மேல்மடிப்பு திறந்திருக்கும் அட்டைப்பெட்டி ஆடுவதும், ஒட்டி மூடியதும் அதே பெட்டி சிக்கென்று நிற்பதும் நாம் பார்த்ததுதானே. நரம்பு பாசிகளை உள்நோக்கி இழுக்கிறது. பாசிகள் ஒன்றையொன்று முட்டி, இதற்குமேல் போக இடமில்லை என்று நின்றுவிடுகின்றன. அதனால் ஒவ்வொரு வளையம் முடிந்ததும் இறுக்க வேண்டும். கடைசியில் மொத்தமாக இறுக்கிக்கொள்ளலாம் என்றால் நடக்காது, நரம்பு அத்தனை பாசிக்குள் நகராது.

பஞ்சும் கம்பியும் பற்றிக் கேட்டவர்களும் முழுக்கத் தப்பு இல்லை. முஷ்டி அளவுக்கு மேலே போகிற பெரிய பொம்மையில் வடிவம் தளராமல் இருக்க உள்ளே பஞ்சு வைப்பார்கள். நரம்புக்குப் பதில் மெல்லிய கம்பியில் இரட்டை அடுக்காகக் கோர்த்துப் பல்லி, முதலை செய்கிற முறையும் தனியாக இருக்கிறது. அதில் மேல் அடுக்கு முதுகு, கீழ் அடுக்கு வயிறு. ஆனால் அங்கேயும் ஒவ்வொரு வரியிலும் எத்தனை பாசி என்பதுதான் உடலை அகலமாக்குவதும் ஒடுக்குவதும்.

வாங்கும்போது

மலிவுப் பாசியில் ஒன்று தடியாகவும் ஒன்று மெல்லிசாகவும் இருக்கும். மாலைக்குப் பரவாயில்லை, இங்கே ஆகாது. தடித்த பாசி ஒன்று நுழைந்தால் அந்த முச்சந்தி கோணிக்கொள்ளும். ஒரு தட்டில் கொட்டி, ஒழுங்கானதைப் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும், அரிசியில் கல் பொறுக்குவது போல. துளையையும் பாருங்கள். ஒரே பாசிக்குள் நரம்பு குறைந்தது இரண்டு முறை, சில இடத்தில் நான்கு முறை போகும். சாயம் ஏற்றிய பாசியை வெயில்படும் ஜன்னலில் வைக்காதீர்கள், வெளுத்துவிடும். பழைய நரம்பை நகத்தால் சுரண்டிப் பார்த்து, வெள்ளையாகக் கீறல் விழுந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். அப்படி ஒரு சுருளை வாங்கிவந்து, முக்கால்வாசி முடித்த ஆமை கையிலேயே அவிழ்ந்து, பாசி வீடு முழுக்க உருண்ட கதை எனக்கு உண்டு. பீரோவுக்கு அடியில் இன்னும் கொஞ்சம் கிடக்கிறது.

இன்னொன்று. முதல் பொம்மையை ஒரே நிறத்தில் செய்யாதீர்கள். ஐந்துகளை ஒரு நிறமாகவும் ஏழுகளை ஒரு நிறமாகவும் காட்டுகிற மாதிரி பாசி மாற்றிப் போட்டால், எங்கே எண்ணிக்கை தப்பியது என்று கண்ணுக்கே தெரியும். நான் என் முதல் யானையை முழுக்கச் சாம்பல் நிறத்தில் செய்தேன். பின்னங்கால் ஒன்றின் அடியில் ஏழு வர வேண்டிய இடத்தில் ஆறு போட்டுவிட்டது, நான்கு காலும் முடிந்து மேசையில் நிறுத்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவிழ்க்க மனம் வரவில்லை. அது இப்போதும் எங்கள் அலமாரியில், சுவரில் சாய்ந்துகொண்டு, ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறது.